சோம்பல் அல்ல, கொக்கிப்புழு

வெறுங்காலும் ஈர மண்ணும்

சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் வெறுங்காலோடுதான் பால் வெட்டப் போனார்கள். லயத்தில் கழிப்பறை போதாத காலம். ஒதுங்குவதும் அதே மரநிழலில்தான். நிழல், ஈரம், பொலபொலத்த மண். கொக்கிப்புழுவுக்கு இவை போதும். மலத்தோடு விழும் முட்டை ஓரிரு நாளில் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் மனிதத் தோலைத் துளைக்கும் புழுவாகிவிடும்.

இரத்தம் போகும் வழி

கால்விரல் இடுக்கில் முதலில் அரிப்பு. பிறகு புழு இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு உள்ளே இறங்கிச் சிறுகுடலைக் கவ்விக்கொள்ளும். நெக்கேட்டர் வகைப் புழு ஒன்றால் நாளொன்றுக்கு இழப்பது சுமார் 0.03 மில்லிலிட்டர் இரத்தம்தான். நூறு புழுக்கள் இருந்தால் மாதம் 90 மில்லிலிட்டர். சத்தான சாப்பாடு கிடைக்காத உடம்பு இதை எப்படி ஈடுகட்டும்? முகம் வெளிறும், மூச்சு வாங்கும், கால் வீங்கும். சிலருக்கு மண் தின்னத் தோன்றும். பிள்ளைகளின் வளர்ச்சியும் படிப்பும் பின்தங்கும். கர்ப்பிணிக்கும் வயிற்றுக் குழந்தைக்கும் ஆபத்து. இரத்தம் வற்றிச் சோர்ந்தவரைச் சோம்பேறி என்று ஏசுவது பெருங்கொடுமை.

எண்ணிப் பார்த்த மருத்துவர்கள்

ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய சாமுவேல் டார்லிங் குழு, 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, ஃபிஜி நாடுகளில் இந்நோயை ஆராய்ந்தது. புழு இருக்கிறதா என்று பார்த்ததோடு அவர்கள் நிற்கவில்லை. மருந்து கொடுத்து, வெளியேறிய புழுக்களை எண்ணினார்கள். புழுக்கள் பெருகப் பெருகத்தான் நோய் கடுமையாகிறது.

இன்றும் கவனம் வேண்டும்

மலேசியப் பள்ளிகளில் 1974-இல் தொடங்கிய வயிற்றுப்பூச்சி மருந்துத் திட்டம் 1983-இல் நின்றது. கழிப்பறையும் காலணியும் வந்தபின் நோய் வெகுவாகக் குறைந்தாலும், முற்றாக ஒழியவில்லை. நாய், பூனையின் குடலில் வாழும் ஒரு கொக்கிப்புழு வகை மனிதரையும் தொற்றுவது மலேசியக் கிராமப்புறங்களில் உறுதியாகியிருக்கிறது. ஆகவே வளர்ப்பு நாய், பூனைக்கும் வயிற்றுப்பூச்சி மருந்து கொடுங்கள். பிள்ளைகள் சிலிப்பர் இல்லாமல் மண்ணில் விளையாட வேண்டாம்.

சிகிச்சை எளிது. பெரியவர்களுக்கு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே வேளை. இரத்தம் குறைந்திருந்தால் இரும்புச்சத்து மாத்திரையும் சேரும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அல்பெண்டசோல் கூடாது. எனவே கடையில் வாங்கித் தாமாக விழுங்க வேண்டாம். காரணம் தெரியாத களைப்பு நீடித்தால், அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் இரத்தத்தையும் மலத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் தனியாக இருக்கும் வயதானவர்களையும் அழைத்துப் போங்கள்.