கணினி முடங்கினால் பதற்றம் வேண்டாம்: கோளாறை வீட்டிலேயே கண்டறிவது எப்படி?

பெங்களூரு: பெங்களூரு கெம்பேகவுடா சர்வதேச விமான நிலையத்தின் முதலாவது முனையத்தில் 2024 ஜூலை 19 அன்று காலை, இண்டிகோ, ஆகாசா, ஸ்பைஸ்ஜெட் உள்ளிட்ட நிறுவனங்களின் பயணிகள் பதிவுச் சேவை பாதிக்கப்பட்டது. நாட்டின் பல விமான நிலையங்களில் பயணிகளுக்கு போர்டிங் பாஸ் கையால் எழுதித் தரப்பட்டது. கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்க இணையப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பே இதற்குக் காரணம். உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது.

அந்த மென்பொருளைப் பெருநிறுவனங்களே பயன்படுத்துவதால், வீட்டுக் கணினிகள் பெரும்பாலும் தப்பின. எனினும் அன்று கணினிகள் மீட்கப்பட்ட விதம் வீட்டுப் பயனர்களுக்கும் பாடமாகும். எந்தக் கணினியிலும் உதிரிபாகம் மாற்றப்படவில்லை. சில கணினிகள் மறுதொடக்கத்திலேயே சரியாகின. மற்றவற்றை ‘சேஃப் மோட்’ முறையில் இயக்கி, ஒரேயொரு கோப்பை நீக்கியதும் அவை வழக்கம்போல் இயங்கின. கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரிந்ததே தீர்வுக்கு வழிவகுத்தது.

வீட்டிலும் இதே வரிசையைப் பின்பற்றினால், தேவையற்ற செலவையும் மோசடியையும் பெருமளவு தவிர்க்கலாம்.

முதல் கேள்வி: கோளாறு எங்கே?

இணையம் வரவில்லை என்றால், அதே வைஃபையில் இணைந்துள்ள கைபேசியில் ஓர் இணையதளத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அப்போது கைபேசியின் மொபைல் டேட்டா அணைக்கப்பட்டிருப்பது அவசியம். கைபேசியில் இணையம் வந்தால் கோளாறு கணினியில் உள்ளது. இரண்டிலும் வரவில்லை என்றால் ரவுட்டரிலோ, வெளியே உள்ள இணைப்பிலோ சிக்கல் இருக்கலாம். ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை, மற்றவை திறக்கின்றன என்றால், அந்தத் தளத்திலேயே பழுது இருக்க வாய்ப்பு அதிகம்.

ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகளில், இணைப்புப் பெட்டியில் ‘எல்ஓஎஸ்’ என்று குறிக்கப்பட்ட விளக்கைக் கவனிக்க வேண்டும். அது சிவப்பு நிறத்தில் எரிந்தாலோ மின்னினாலோ, கண்ணாடி இழைக் கேபிள் வழியாக ஒளிச் சமிக்ஞை வரவில்லை என்று பொருள். பெங்களூருவில் இத்தகைய கேபிள்கள் பல தெருக்களில் மரங்களிலும் மின்கம்பங்களிலும் தொங்குகின்றன. கிளை முறிந்து விழுந்தாலும், மின்கம்பங்களில் உள்ள கேபிள்களை அகற்றும் பணி நடந்தாலும் இணைப்பு துண்டிக்கப்படும். வீட்டுக்குள் கேபிள் நன்றாகச் செருகப்பட்டுள்ளதா என்று பார்த்துவிட்டு, இணைய சேவை நிறுவனத்திடம் புகார் அளித்துப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்வதே வழி. கணினியில் எந்த அமைப்பை மாற்றினாலும் பயன் இருக்காது.

விளக்குகள் வழக்கம்போல் எரிந்தும் இணையம் வரவில்லை என்றால், ரவுட்டரின் மின் இணைப்பைத் துண்டித்து, அரை நிமிடம் கழித்து மீண்டும் இணைக்கலாம். ஆனால் ரவுட்டரின் பின்புறம் ஊசி நுழையும் அளவுள்ள துளையில் இருக்கும் ‘ரீசெட்’ பொத்தானை அழுத்தக் கூடாது. அது சேவை நிறுவனம் பதிவுசெய்த பயனர் பெயர், கடவுச்சொல் உள்ளிட்ட அமைப்புகளை அழித்துவிடும்.

வைஃபை வேகம் குறைவது ஏன்?

பெரும்பாலான ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அலைவரிசைகளில் இயங்குகின்றன. முதலாவது சுவர்களைத் தாண்டித் தொலைவு செல்லும். ஆனால் வேகம் குறைவு. மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத் கருவிகள் ஆகியவையும் அதே அலைவரிசையைப் பயன்படுத்துவதால் இடையூறு ஏற்படும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பக்கத்து வீடுகளின் ரவுட்டர்களும் இதில் போட்டியிடுகின்றன. ரவுட்டர் இருக்கும் அறையிலேயே பணிபுரிவோர் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பைத் தேர்வு செய்வது நல்லது.

வேகத்தைக் கணக்கிடுவதிலும் குழப்பம் உண்டு. 100 எம்பிபிஎஸ் திட்டம் என்பது விநாடிக்கு 100 மெகாபிட். பதிவிறக்கத்தின்போது திரையில் பெரும்பாலும் மெகாபைட் கணக்கே காட்டப்படும். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், விநாடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட் என்று காட்டினால் அது குறைபாடு அல்ல.

‘ஷட் டவுன்’ வேறு, ‘ரீஸ்டார்ட்’ வேறு

தினமும் கணினியை அணைத்துவிடுவதால் மறுதொடக்கம் தேவையில்லை என்று பலர் கருதுகின்றனர். விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி உள்ளது. இது இயக்கத்தில் இருக்கும்போது, ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் இயங்குதளத்தின் மையப் பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு, மறுமுறை அப்படியே எடுத்துக்கொள்ளப்படுகிறது. பழைய பிழையும் அதனுடன் திரும்பலாம். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் மட்டுமே இயங்குதளம் முழுமையாகப் புதிதாகத் தொடங்கும். கிரவுட்ஸ்டிரைக் பாதிப்பின்போது, மைக்ரோசாப்டின் மேகக் கணினிச் சேவையைப் பயன்படுத்திய சிலருக்கு 15 முறை வரை மறுதொடக்கம் தேவைப்பட்டது.

கணினி மெதுவாக இயங்கினால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தி ‘டாஸ்க் மேனேஜர்’ பகுதியைத் திறக்கலாம். எந்தச் செயலி நினைவகத்தை அதிகம் எடுத்துக்கொள்கிறது என்பதை அதில் அறியலாம். கணினி தொடங்கும்போதே தானாக இயங்கும் தேவையற்ற செயலிகளையும் அங்கேயே முடக்கலாம்.

எல்லா இணையதளங்களும் ‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று எச்சரித்தால், முதலில் கணினியின் தேதியைப் பார்க்க வேண்டும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும். கணினியின் தேதி பின்தங்கியிருந்தால், சரியான சான்றிதழையும் அது ஏற்காது. பழைய மேசைக் கணினியில் ஒவ்வொரு முறையும் தேதி தவறினால், உள்ளே உள்ள நாணயம் போன்ற சிறு பேட்டரி தீர்ந்திருக்கலாம். பெரும்பாலும் அது ‘சிஆர் 2032’ வகையாக இருக்கும், மலிவாகவே கிடைக்கும்.

சேஃப் மோட்: முன்கூட்டியே அறிய வேண்டியது

புதிய செயலியையோ டிரைவரையோ நிறுவிய பின் கணினி தடுமாறினால், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ‘ரீஸ்டார்ட்’ கொடுக்க வேண்டும். தோன்றும் நீலத்திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்ற வரிசையில் சென்று மறுதொடக்கம் செய்து, 4 என்ற எண்ணை அழுத்தினால் சேஃப் மோட் திறக்கும். அத்தியாவசிய மென்பொருள்கள் மட்டுமே அதில் இயங்கும். அங்கு கணினி சீராக இயங்கினால், பின்னர் நிறுவிய மென்பொருளே காரணமாக இருக்கலாம், அதை நீக்கிவிடலாம்.

இந்தக் கட்டத்தில் ‘பிட்லாக்கர்’ மீட்புக் குறியீட்டைக் கணினி கேட்கக்கூடும். அது 48 இலக்க எண். 2024இல் பல நிறுவனங்களில் மீட்புப் பணி தாமதமானதற்கு இந்த எண்ணைத் தேட வேண்டியிருந்ததும் ஒரு காரணம். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டுப் பாதுகாப்பு தானாகவே இயங்குகிறது. உரிமையாளருக்கே அது தெரிவதில்லை. மீட்புக் குறியீடு பொதுவாக மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நல்ல நிலையில் இருக்கும்போதே அதைக் காகிதத்தில் எழுதி வைப்பது அவசியம். எண் கிடைக்காவிட்டால் வட்டில் உள்ள புகைப்படங்களையும் ஆவணங்களையும் மீட்க இயலாது.

உதவி எண் என்ற பெயரில் மோசடி

கிரவுட்ஸ்டிரைக் பாதிப்பைத் தொடர்ந்து, உதவி செய்வதாகக் கூறி மோசடிச் செய்திகள் பரவுவதாக மத்திய அரசின் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான ‘செர்ட்-இன்’ எச்சரித்தது. வீடுகளில் இது வேறு வடிவில் நடக்கிறது. உலாவியில் திடீரென எச்சரிக்கைத் திரை தோன்றி, ‘உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது, இந்த எண்ணை அழையுங்கள்’ என்று கூறும். தனது உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இடம்பெறாது என மைக்ரோசாப்ட் தெளிவுபடுத்தியுள்ளது.

அத்தகைய திரையை ஆல்ட், எஃப்4 விசைகளாலோ டாஸ்க் மேனேஜர் வழியாகவோ மூடிவிடலாம். தேடுபொறியில் கிடைக்கும் வாடிக்கையாளர் சேவை எண்ணையும் நம்பக் கூடாது. சேவை நிறுவனத்தின் ரசீதிலோ, அதிகாரப்பூர்வ செயலியிலோ உள்ள எண்ணையே பயன்படுத்த வேண்டும். கணினியைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் செயலியை நிறுவுமாறு அறிமுகமற்றவர் கூறினால், அழைப்பைத் துண்டிப்பதே பாதுகாப்பு. பணத்தை இழந்தவர்கள் தாமதமின்றி 1930 என்ற தேசிய உதவி எண்ணைத் தொடர்புகொள்ள வேண்டும். விரைவாகப் புகார் அளித்தால் பணம் கைமாறுவதைத் தடுக்கும் வாய்ப்பு அதிகரிக்கும்.

தீம்பொருள் இருப்பதாகச் சந்தேகித்தால், செர்ட்-இன் நடத்தும் ‘சைபர் ஸ்வச்சதா கேந்திரா’ இணையதளத்தில் இலவச நீக்கக் கருவிகள் கிடைக்கின்றன. 2017இல் தொடங்கப்பட்ட இம்மையத்தின் கருவிகளை வீட்டுப் பயனர்களும் பதிவிறக்கலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்துவிட்டதால், அதைப் பயன்படுத்துவோர் விண்டோஸ் 11க்கு மாற இயலுமா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

கடைக்குச் செல்லும் முன்

இவற்றுக்குப் பிறகும் தீர்வு கிடைக்கவில்லை என்றால் வன்பொருள் பழுதாக இருக்கலாம். பெங்களூருவின் எஸ்.பி. ரோடு, சென்னையின் ரிச்சி தெரு போன்ற இடங்களில் கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன், முக்கியக் கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுக்க வேண்டும். உலாவியில் சேமித்த வங்கிக் கடவுச்சொற்களை நீக்கிவிட வேண்டும். கோளாறு எப்போது தொடங்கியது, திரையில் என்ன பிழைச் செய்தி வந்தது என்பதைக் கைபேசியில் படமெடுத்து வைத்தால், பழுதுநீக்குபவரின் நேரமும் உரிமையாளரின் பணமும் மிச்சமாகும்.