பிழையான நாணயம் பொன்னாகுமா?

இந்த ஒரு காசு உங்களிடம் இருந்தால் நீங்கள் இலட்சாதிபதி என்று கைத்தொலைபேசியில் அடிக்கடி ஒரு படம் வருகிறது. மலாயில் ‘சிலிங் ரலாட்’ என்று சொல்லப்படும் பிழை நாணயங்களைப் பற்றிய பேச்சு அது. அதை நம்பிக் கையில் இருந்த பணத்தைக் கொடுத்துப் பயனற்ற காசை வாங்கியவர்கள் உண்டு. தாத்தா வைத்துவிட்டுப் போன பால்மாவு டின்னை அப்படியே கொட்டி, முகமதிப்புக்கு மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. இரண்டுமே நட்டம்தான். ஆகவே எது பிழை, எது சேதம், எதற்கு விலை உண்டு என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் நாணயம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிய வேண்டும். உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுகிறார்கள். அவற்றைச் சூடாக்கி மென்மையாக்குகிறார்கள். பிறகு ஓரத்தை அழுத்தி விளிம்பை எழுப்புகிறார்கள். கடைசியாக அந்த வில்லை ஒரு வளையத்துக்குள் அமர, மேலும் கீழும் உள்ள இரண்டு அச்சுகள் ஒரே நேரத்தில் அழுத்துகின்றன. எனவே பிழை வரக்கூடிய இடங்கள் மூன்றுதான். வில்லை, அச்சு, அடி.

வில்லையில் வரும் பிழைக்கு நல்ல உதாரணம் பிறைபோல் ஓரம் வெட்டுப்பட்ட காசு. தகடு சரியாக நகராதபோது, முன்பே வெட்டிய துளையின்மேல் மறுபடியும் வெட்டு விழுகிறது. இதை வீட்டில் அரத்தால் அராவியும் செய்துவிடலாமே என்று கேட்பீர்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. உண்மையான வெட்டுக்கு நேர் எதிரே உள்ள விளிம்பு பெரும்பாலும் மங்கலாக இருக்கும். ஒரு பக்கம் உலோகம் இல்லாததால், விளிம்பை எழுப்பும் இயந்திரத்தின் அழுத்தம் எதிர்ப்பக்கத்தில் சரியாக விழுவதில்லை. அராவியவரால் இந்த மங்கலை உண்டாக்க முடியாது.

அச்சில் வரும் பிழைக்குப் புகழ்பெற்றது 1955ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட். அச்சைச் செய்யும்போது ஒரே உருவத்தைப் பலமுறை அழுத்திப் பதிப்பார்கள். அந்த அச்சில் இரண்டாவது முறை சற்றே திரும்பிப் பதிந்துவிட்டது. ஆண்டும் எழுத்துகளும் வெறுங்கண்ணுக்கே இரட்டையாகத் தெரிந்தன. பிலடெல்பியா நாணயச்சாலையில் இதைக் கண்டுபிடித்தபோது சுமார் 40,000 காசுகள் அடிக்கப்பட்டிருந்தன. அவற்றில் ஏறக்குறைய பாதி ஏற்கெனவே நல்ல காசுகளோடு கலந்துவிட்டன. பிரித்தெடுக்கச் செலவாகும் என்று அப்படியே வெளியே விட்டார்கள். அக்காலத்தில் 23 சென்ட் விலையுள்ள சிகரெட்டை 25 சென்ட் இயந்திரத்தில் விற்றவர்கள், மிச்சம் 2 சென்ட்டைப் பெட்டியோடு சேர்த்தே வைத்தார்கள். அந்த வழியாகப் பல காசுகள் மக்களிடம் போய்ச் சேர்ந்தன. இன்று ஓரளவு புழங்கிய ஒன்றுகூட ஆயிரம் அமெரிக்க டாலர் அளவில் விலை போகிறது. போலிகளும் நிறைய உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. இரட்டையாகத் தெரிவதெல்லாம் இந்த வகை அல்ல. அடிக்கும் நேரத்தில் அச்சு அசைந்தால் எழுத்தின் ஓரம் நசுங்கிப் படிக்கட்டுபோல் தட்டையாகத் தெரியும். எழுத்தும் மெலிந்துவிடும். இது மிகச் சாதாரணம், விலை இல்லை. உண்மையான இரட்டை அச்சில் இரண்டு உருவமும் முழுமையாகவும் உருண்டும் எழும்பி நிற்கும். எழுத்து மெலியாமல் அகன்றிருக்கும்.

மூன்றாவது, அடிக்கும்போது வரும் பிழை. வில்லை நடுவில் அமராவிட்டால் உருவம் ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபக்கம் வெறுமையாக இருக்கும். சிறிது விலகியதற்கு மதிப்புக் குறைவு. பாதியளவு விலகியும் ஆண்டு முழுதாகத் தெரிந்தால் சேகரிப்பாளர்கள் விரும்பி வாங்குவார்கள். அச்சு திரும்பிய பிழையை நீங்களே சோதிக்கலாம். மலேசிய, சிங்கப்பூர் நாணயத்தை மேலும் கீழும் இரு விரலால் பிடித்து இடவலமாகத் திருப்புங்கள். மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். மிகவும் சாய்ந்திருந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். ஆனால் அமெரிக்க நாணயத்தில் மறுபக்கம் தலைகீழாக வருவதுதான் முறை. அதைப் பிழை என்று எண்ணிவிடாதீர்கள்.

தவறான உலோகத்தில் அடிக்கப்பட்டவை அரியவை. போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் 1943இல் அமெரிக்கா ஒரு சென்ட்டை எஃகில் அடித்தது. முந்திய ஆண்டின் சில வெண்கல வில்லைகள் இயந்திரத்தில் தங்கிவிட்டன. அவற்றில் விழுந்த காசுகளில் ஒன்று 2019 ஜனவரியில் ஏலத்தில் 204,000 டாலருக்குப் போனது. உடனே எஃகுக் காசுக்குச் செம்புப் பூச்சுப் பூசி விற்பவர்களும் வந்துவிட்டார்கள். இதற்குக் காந்தம் ஒன்றே போதும். எஃகு ஒட்டிக்கொள்ளும், வெண்கலம் ஒட்டாது. எடையும் காட்டிக் கொடுக்கும். எஃகு 2.7 கிராம், வெண்கலம் 3.11 கிராம். 1948ஆம் ஆண்டுக் காசில் எட்டை மூன்றாகச் செதுக்கும் மோசடியும் உண்டு. அது காந்தத்துக்கும் எடைக்கும் தப்பிவிடும். எண்ணின் வடிவத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்க வேண்டும்.

இனி விலைக்கு வருவோம். 2008இல் பிரிட்டனின் 20 பென்ஸ் புதிய வடிவம் பெற்றது. ஆண்டு மறுபக்கத்திலிருந்து அரசியாரின் தலைப் பக்கத்துக்கு மாறியது. ஆனால் புதிய மறுபக்க அச்சோடு பழைய தலைப்பக்க அச்சைச் சேர்த்து ஒரு தொகுதியை அடித்துவிட்டார்கள். ஆண்டே இல்லாத காசு பிறந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே இப்படி நடந்ததில்லை. இணைய ஏலத்தில் ஆயிரக்கணக்கான பவுண்டு கேட்டவர்கள் உண்டு. ஆனால் அதிகபட்சம் 250,000 காசுகள் வெளிவந்திருக்கலாம் என்று நாணயச்சாலை மதிப்பிட்டது. இத்தனை இருக்கும்போது விலை எப்படி ஏறும்? இன்று அவை பொதுவாகச் சில பத்துப் பவுண்டுக்கே கைமாறுகின்றன. கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு என்பதை இந்தக் காசு நன்றாகவே காட்டிவிட்டது. பிழையின் வகை, எத்தனை காசுகள் உள்ளன, நாணயத்தின் நிலை, வாங்க எத்தனை பேர் உள்ளனர், இந்த நான்கும் சேர்ந்தே விலையைத் தீர்மானிக்கின்றன.

நாணயச்சாலையை விட்டு வெளியே வந்தபின் ஏற்பட்டது எதுவும் பிழை அல்ல. சுத்தியலால் நசுங்கியது, அமிலத்தில் மெலிந்தது, துணி உலர்த்தும் இயந்திரத்தில் சுழன்று ஓரம் உருண்டது, தங்கமுலாம் பூசியது எல்லாம் சேதமே. இருபுறமும் தலை உள்ள காசு என்று யாராவது காட்டினால், விளிம்பின் உட்புறத்தில் மெல்லிய கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அது இரண்டு காசுகளைக் குடைந்து பொருத்திய வித்தைக்காரர் காசாகத்தான் இருக்கும்.

ஆகவே வீட்டில் பழைய காசு இருந்தால் புளி, பற்பசை போட்டுத் துலக்காதீர்கள். மின்னிவிடும், ஆனால் மதிப்புப் போய்விடும். ஒரு காந்தம், ஒரு சிறு தராசு, பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி, இவை போதும். அதே வகை நல்ல காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். சந்தேகம் இருந்தால் ஒன்றுக்கு இரண்டு வணிகரிடம் கேளுங்கள். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற தரமதிப்பீட்டு நிறுவனங்கள் சோதித்துச் சான்று தருகின்றன. அதற்குக் கட்டணம் உண்டு. காசின் மதிப்பைவிடக் கட்டணம் அதிகமானால் அனுப்புவதில் பயனில்லை.

வாங்குபவருக்கும் ஒரு சொல். ஓய்வுக்காலச் சேமிப்பைப் போட்டு இதில் இலாபம் தேட வேண்டாம். முன்பணம் கட்டினால் உங்கள் காசைப் பெரிய விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்பவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். உண்மையாக வாங்குபவர் உங்களுக்குத்தான் பணம் தருவார். பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தப் பழைய டின்னை மெதுவாகத் திறந்து பாருங்கள். ஒரு பிழையும் கிடைக்காவிட்டாலும், எந்தக் காலத்தில் எந்தக் காசு புழங்கியது என்று அவர்களுக்குச் சொல்ல உங்களிடம் நிறைய இருக்கும்.