ஒற்றை வயரும் இரும்புச் சட்டமும்

சைக்கிள் தைனமோவிலிருந்து முன்விளக்குக்கு ஒரேயொரு வயரே செல்கிறது. மின்னோட்டம் திரும்பிவரும் வழியாகச் சைக்கிளின் இரும்புச் சட்டமே அமைவதால் இரண்டாவது வயர் வேண்டியதில்லை. 1990இல் போரினால் மின்சாரம் நின்று, பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருளான பின்னர், கரவெட்டி உள்ளிட்ட யாழ்ப்பாணக் குடாநாட்டு ஊர்களில் சைக்கிள் சில்லைச் சுழற்றி வானொலி கேட்டவர்களுக்கு இவ்வொற்றை வயர் முறை பழக்கமானதே. காரிலும் இதே ஏற்பாடுதான்: என்ஜினும் உடற்கூடும் சேர்ந்த உலோகப் பரப்பே மின் திரும்பும் வழி. அதனைக் கராஜ்காரர் ‘ஏர்த்’ என்பர். ‘ஏர்த்’ என்றால் நிலமாயிற்றே, இறப்பர் ரயர்களில் நிற்கும் வாகனத்துக்கு நிலத்தோடு தொடுப்பு ஏது என்று கேட்பது வீண்; அது வெறும் பெயரே.

சைக்கிளில் ‘தைனமோ’ எனப்படுவது, திசை மாறிமாறிப் பாயும் ஆடலோட்டத்தைத் தருவதால், உண்மையில் சிறியதோர் ஓல்ட்டனேற்றரே. நேரோட்டம் தரும் உண்மைத் தைனமோ, குடாநாட்டுத் தெருக்களில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களில் இருந்தது. அந்த லூகாஸ் தைனமோவின் ‘டி’ முனை மின்னை வெளியே தர, ‘எஃப்’ முனை காந்தச் சுருளுக்கு மின்னூட்டியது.

இன்றைய ஓல்ட்டனேற்றரில், ஒரு திசையில் மட்டும் மின்னைச் செல்லவிடும் இருவாயிகள் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்குகின்றன. தடித்த வயர் பூட்டப்படும் ‘பி’ முனை சாவியின் குறுக்கீடின்றிப் பற்றறியோடு தொடுக்கப்பட்டிருப்பதால், கார் நிற்கும்போதும் அதில் மின் உண்டு. ‘எல்’ முனைக்கு எச்சரிக்கை விளக்கினூடாக மின் வருகிறது. மின்னுற்பத்தி தொடங்கியதும் விளக்கின் இரு பக்கமும் வோல்ற்றளவு சமமாகிவிடுவதால் அது அணைகிறது. விளக்கின் வழியாகவே சுருளுக்கு முதல் மின் கிடைக்கும் வகைகளில், அந்தச் சிறு பல்ப் பழுதானால் ஓல்ட்டனேற்றர் பழுதெனத் தவறாகத் தீர்ப்பாகிவிடுவதுண்டு.

பழைய காரில் தைனமோவை அகற்றி ஓல்ட்டனேற்றர் பூட்டுவோர் முதலில் பார்க்க வேண்டியது ‘ஏர்த்’ எந்த முனையில் உள்ளது என்பதையே. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பற்றறியின் நேர்முனையே உடலோடு பூட்டப்பட்டிருக்க, இன்றைய ஓல்ட்டனேற்றர்கள் எதிர்முனை உடலோடு சேர்வதற்கே அமைந்தவை. முனைகளை மாற்றாமல் தொடுத்தால், தடுக்க வேண்டிய இருவாயிகளே வழிவிட்டு, பற்றறியின் முழு வலுவும் பாய்ந்து, கணத்தில் எரிந்துபோகும். எந்த முறையாயினும் உடலோடு சேர்ந்த முனையையே முதலில் கழற்ற வேண்டும். மற்றதைக் கழற்றும் ஸ்பனர் பின்னர் உடலில் முட்டினாலும் தீப்பொறி எழாது.

என்ஜின் இறப்பர்த் தாங்கிகளில் அமர்ந்திருப்பதால், அதனையும் உடலையும் இணைக்கத் தடித்த பின்னல் வயர் ஒன்று தேவைப்படுகிறது; கடற்காற்றின் உப்பு அதன் முனைகளை மெல்ல அரிக்கிறது. விளக்குகளை ஏற்றி என்ஜினை ஓடவிட்டு, ஓல்ட்டனேற்றரின் உடலுக்கும் பற்றறியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தால் ஏறத்தாழ 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டக்கூடாது. இந்த வயர் முற்றாக அறுந்தால், ஸ்ரார்ட்டரின் பெரும் மின்னோட்டம் அக்சிலரேற்றர்க் கம்பி போன்ற மெல்லிய உலோகத்தின் வழியே திரும்ப முயன்று, அதனைச் சுடவைக்கும்.