விராலுக்கு எந்தத் தூண்டில்? இரையில் தொடங்கிக் கோலில் முடிக்க வேண்டும்

பண்ணைக் குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை எண்ணி விட்ட விவசாயி, அறுவடைக்கு வலை இழுக்கும்போது எண்ணிக்கை குறைவதைக் கண்டு திகைப்பதுண்டு. குஞ்சு விற்றவரையும் தீவனத்தையும் குறை சொல்வதற்கு முன், கரையோரப் பாசிக்குள் விரால் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. மழை வெள்ளத்தோடு வாய்க்கால் வழியாக வந்து சேரும் நாலைந்து விரால்கள், விரலளவுக் கெண்டைக் குஞ்சுகளை நாள்தோறும் விழுங்கி ஒரு குட்டையின் வருமானத்தைக் கரைத்துவிடும்.

குஞ்சு விடுவதற்கு முன்பானால் குட்டையை வற்ற வைக்கலாம். வற்ற வைக்க முடியாத இடத்தில், ஒரு மீட்டர் ஆழ நீருக்கு எக்டேருக்கு 2,500 கிலோ வீதம் இலுப்பைப் புண்ணாக்கு இட்டு வேண்டாத மீன்களை அழிக்கலாம். அதன் நஞ்சு நீங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆனால் கெண்டைக் குஞ்சுகளை விட்டபின் இந்த வழி உதவாது. விராலோடு கெண்டையும் செத்துவிடும். வலைக்கும் விரால் எளிதில் சிக்குவதில்லை. சேற்றில் புதைந்து வலைக்கு அடியில் தப்பும். இல்லையேல் மேலே துள்ளித் தாண்டும். அப்போது மிஞ்சும் வழி தூண்டில்தான். தூண்டிலில் பிடித்த விரால் உயிரோடு நல்ல விலைக்கும் போகும்.

மூங்கில் கழி போதுமா?

நம் ஊர்களில் மூங்கில் கழியில் நரம்பு கட்டி, உயிருள்ள தவளையையோ சிறு மீனையோ முள்ளில் கோத்து விரால் பிடிப்பது நெடுநாளைய வழக்கம். குட்டை சிறிதாக இருந்து, கழியும் நரம்புமாகச் சேர்ந்து பாசி உள்ள இடம் வரை எட்டுமானால் அதுவே போதும். பணம் செலவழித்து ரீல் வாங்கத் தேவையில்லை.

குட்டை அகலமாக இருந்து, நடுவில் அல்லியும் ஆகாயத்தாமரையும் படர்ந்திருந்தால்தான் வீசு தூண்டில் வேண்டும். அதைக் கொண்டு பழகிய கை 20 மீட்டருக்கு அப்பாலும் இரையை வீசலாம். உயிர்த் தவளையும் தேவைப்படாது. வயலில் பூச்சிகளைத் தின்று பயிரைக் காக்கும் தவளையை முள்ளில் குத்துவது விவசாயிக்கே நட்டம். தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987இல் தடை செய்ததும் தவளையினம் குறைந்து வந்ததால்தான்.

பாஸ் மீனிடமிருந்து வந்த பாடம்

இன்று கடைகளில் விராலுக்கென்று விற்கும் கோலும் ரப்பர் தவளையும் பெரும்பாலும் அமெரிக்காவின் பாஸ் மீனுக்காக உருவானவை. விராலும் பாஸும் வெவ்வேறு இனம். ஆனாலும் பிழைப்பு முறை ஒன்றே. இரண்டும் பாசிக்கு அடியில் பதுங்கியிருந்து, மேலே போகும் தவளையையும் மீனையும் பாய்ந்து கவ்வும். மிச்சிகன் மாநிலத்தில் தேனீ வளர்த்து வந்த ஜேம்ஸ் ஹெட்டன், 1890களில் மரத்தில் பொய் இரைகள் செய்து விற்கத் தொடங்கினார். அந்தத் தொழில்தான் பின்னர் ரப்பருக்கும் பிளாஸ்டிக்கிற்கும் மாறியது.

அமெரிக்க விவசாயிகளுக்கும் பாஸ் தூண்டில் வெறும் பொழுதுபோக்கன்று. அலபாமா மாநிலத்தின் ஆபர்னில் ஹோமர் ஸ்விங்கிள் 1930களில் பண்ணைக் குட்டைகளை ஆராயத் தொடங்கினார். பெருகித் தள்ளும் புளூகில் என்னும் சிறு மீனை அடக்கப் பாஸை உடன் விடுவதும், இரண்டையும் தூண்டிலில் பிடித்து அளவாக வைப்பதும் அங்கிருந்து பரவிய முறை. நம் குட்டைக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கெண்டைக் குஞ்சு விட்ட குட்டையில் விரால் திருடன். ஆனால் ஜிலேபிக் கெண்டை பெருகி எல்லாம் குட்டையாகவே நிற்கும் இடத்தில், அதன் குஞ்சுகளைத் தின்னும் விரால் காவற்காரன். எந்தக் குட்டையில் விராலைப் பிடிப்பது, எதில் விட்டுவைப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் இரை

கடைக்குப் போகிறவர் பெரும்பாலும் பளபளக்கும் கோலை முதலில் எடுத்து, அதற்குப் பிறகு மற்றவற்றைத் தேடுகிறார். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். குட்டையின் நிலை இரையைத் தீர்மானிக்கிறது. இரையின் எடை நூலையும் கோலையும் தீர்மானிக்கிறது. கோலுக்குத் தக்கபடி ரீல் அமைகிறது.

பாசியும் அல்லியும் உள்ள குட்டைக்கு ரப்பர் தவளை ஏற்றது. இதன் உடல் உள்ளே காலியாக இருக்கும். இரண்டு முட்களும் மேல்நோக்கி முதுகோடு ஒட்டிக் கிடப்பதால் இலையில் மாட்டாது. மீன் கவ்வும்போது உடல் அமுங்கி முட்கள் வெளிப்படும். வாங்கும்போது இரு விரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும். எளிதில் அமுங்காத கெட்டித் தவளையை மீன் கவ்வினாலும் முள் ஏறாது. 5 அல்லது 6 சென்டிமீட்டர் நீளமும் 10 முதல் 15 கிராம் எடையும் உள்ளது விராலுக்குப் பொருத்தம்.

பாசியில்லாத தெளிந்த நீருக்கு, சுழலும் தகடு வைத்த இரையோ, கரண்டி போன்ற உலோகத் தகடோ, மீன் வடிவ இரையோ உதவும். மூன்று கவர் முள் தொங்கும் மீன் வடிவ இரையைப் பாசியில் வீசினால் ஒவ்வொரு வீச்சிலும் மீனுக்குப் பதில் பாசிதான் வரும். நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கலங்கல் நீருக்குக் கறுப்பு, தெளிந்த நீருக்குப் பச்சையோ பழுப்போ என இரண்டு தவளைகள் இருந்தால் தொடங்கிவிடலாம்.

நூல்

நைலான் நரம்பு மலிவு. ஆனால் இழுத்தால் நீளும். வெயிலில் கிடந்தால் வலுவிழக்கும். பாசிக்குள் மாட்டிய விராலை நீளும் நரம்பால் வெளியே இழுப்பது கடினம். அதற்குப் பின்னல் நூல் நல்லது. ஒரே வலுவுள்ள நைலானைவிட அது மிகவும் மெல்லியது, நீளாது, பாசித் தண்டையும் அறுத்துக்கொண்டு வரும்.

நூலின் வலு பவுண்டில் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். பாசிக் குட்டையில் விராலுக்கு 30 முதல் 40 பவுண்டு, அதாவது சுமார் 14 முதல் 18 கிலோ தாங்கும் பின்னல் நூல் போதும். விரால் எடை இரண்டு மூன்று கிலோதானே என்று மெல்லிய நூல் வாங்கக் கூடாது. மீனோடு ஒரு சுமை பாசியும் சேர்ந்து வரும்.

பின்னல் நூல் விலை கூடியது. எனவே ரீலில் முதலில் நைலானைச் சுற்றி, அதன்மேல் 60 முதல் 80 மீட்டர் பின்னல் நூலைச் சுற்றினால் செலவு குறையும். பின்னல் நூல் உருளையில் வழுக்காமல் பிடிக்கவும் அடியில் உள்ள நைலான் உதவும். முன்பகுதி தேய்ந்ததும் நூலைத் தலைகீழாக மாற்றிச் சுற்றி இன்னொரு காலம் ஓட்டலாம். முடிச்சை இறுக்குமுன் ஈரப்படுத்த வேண்டும். உலர்ந்த முடிச்சு உராய்ந்து சூடேறி அங்கேயே அறும்.

கோல்

கோலின் கைப்பிடிக்கு மேலே அதன் நீளம், தாங்கும் நூல், வீசக்கூடிய இரையின் எடை மூன்றும் அச்சிடப்பட்டிருக்கும். கடைக்காரர் சொல்வதைவிட இந்த எழுத்தை நம்பலாம். இரையின் எடை அவுன்ஸில் இருந்தால், ஒரு அவுன்ஸ் 28 கிராம் எனக் கணக்கிட வேண்டும். கால் அவுன்ஸ் முதல் ஒரு அவுன்ஸ் வரை, அதாவது 7 முதல் 28 கிராம் வரை வீசும் கோல் மேலே சொன்ன தவளைக்குச் சரி. நீளம் ஆறரை முதல் ஏழு அடி. நுனி மட்டும் வளைந்து, அடி உறுதியாக நிற்க வேண்டும். முழுதும் நாணல் போல வளையும் கோல் குறவைக்கும் சிறு கெண்டைக்கும் ஆகும். பாசிக்குள் விராலைத் தூக்க ஆகாது.

கண்ணாடி இழைக் கோல் கனமானது. ஆனால் மலிவு, அடிபட்டாலும் எளிதில் உடையாது. கார்பன் கோல் லேசானது, மீன் தொடுவது கையில் நன்றாகத் தெரியும். ஆனால் கல்லில் மோதினால் விரிசல் விடும். சைக்கிளிலும் டிராக்டரிலும் வைத்துப் போகும் விவசாயிக்குக் கண்ணாடி இழையே ஏற்றது.

வாங்கும்போது கோலின் வளையங்களுக்குள் சிறிது பஞ்சை நுழைத்து இழுக்க வேண்டும். பஞ்சின் இழை மாட்டினால் வளையத்தில் கீறல் உண்டு. அந்தக் கீறல் நூலை அறுக்கும்.

ரீல்

ரீலில் இரண்டு வகை முக்கியம். ஒன்று, கோலுக்குக் கீழே தொங்கும் ரீல். இதில் உருளை நிற்கும். வளைகம்பி சுழன்று நூலைச் சுற்றும். மற்றது கோலுக்கு மேலே அமர்வது. இதில் உருளையே சுழலும். இரண்டாம் வகை தடித்த நூலுக்கும் கனத்த இரைக்கும் சிறந்தது. ஆனால் கட்டைவிரலால் உருளையை அடக்கத் தெரியாதவருக்கு ஒவ்வொரு வீச்சும் நூல் சிக்கில் முடியும். புதிதாகத் தொடங்குகிறவர் முதல் வகையில் 3000 அல்லது 4000 எண் கொண்டதை வாங்கலாம். கோலும் அதே வகைக்கு உரியதாக இருக்க வேண்டும். மாற்றிப் பொருத்தக் கூடாது.

5.2க்கு 1 என்று எழுதியிருந்தால், கைப்பிடியை ஒரு சுற்று சுற்றும்போது வளைகம்பி 5.2 சுற்று சுற்றும் என்று பொருள். ஐந்துக்கும் ஆறுக்கும் இடைப்பட்டது விராலுக்குப் போதும்.

மீன் பலமாக இழுக்கும்போது நூல் அறாமல் ரீல் வழுக்கிக் கொடுக்க ஒரு திருகு உண்டு. நூலின் வலுவில் கால் பங்கு இழுப்புக்கு அது வழுக்க வேண்டும். நூல் நுனியில் வில் தராசை மாட்டி இழுத்தால் கணக்கு தெரிந்துவிடும். 30 பவுண்டு நூலானால் சுமார் மூன்றரைக் கிலோவில் வழுக்க வேண்டும்.

பயன்படுத்தும் முறை

காலையும் மாலையும் விரால் இரை தேடும் நேரம். பாசியின் ஓரத்துக்கு அப்பால் தவளையை விழவிட்டு, சிறு இடைவெளி விட்டு விட்டு இழுக்க வேண்டும். நீர் சிதறும் ஓசை கேட்டவுடன் கோலைத் தூக்கினால் தவளை மட்டும் பறந்து வரும். ஒன்று, இரண்டு என எண்ணி, மீனின் கனம் கையில் தெரிந்தபின் உறுதியாகத் தூக்கி, அது பாசிக்குள் திரும்புமுன் இழுத்துவிட வேண்டும்.

குட்டைக்கு மேல் மின்கம்பி போகும் இடத்தில் கோல் வீசவே கூடாது. கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். ஈரமான மூங்கிலும் நூலும் கடத்தும். இடி மின்னலின்போதும் கோலைக் கீழே வைத்துவிட்டு வீடு திரும்ப வேண்டும். அறுந்த நூலைக் கரையில் எறிந்தால் கொக்கின் காலிலும் கன்றின் வாயிலும் சுற்றிக்கொள்ளும். சுருட்டி எடுத்து வந்துவிட வேண்டும்.

விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். எனவே பிடித்ததைச் சிறிது நீருள்ள டிரம்மில் வைத்தால் சந்தை வரை உயிரோடு இருக்கும். துள்ளி வெளியேறாதபடி துளையிட்ட மூடி அவசியம்.

பொது ஏரியில் ஓர் எச்சரிக்கை

மழைக்காலத்தில் விரால் கரையோரப் பாசியை விலக்கி முட்டையிடும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சுவிடும். தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். அந்த நேரத்தில் அங்கே எது விழுந்தாலும் அவை பாய்ந்து கவ்வும். அப்படிப் பிடிப்பது எளிது. ஆனால் காவல் போனதும் குஞ்சுகள் முழுதும் பிற மீன்களுக்கு இரையாகும். சொந்தக் கெண்டைக் குட்டையானால் தாய் தகப்பனைப் பிடிப்பதோடு குஞ்சுகளையும் கைவலையால் அள்ளி, விரால் வளர்ப்பவரிடம் கொடுக்கலாம். பொது ஏரியிலும் கண்மாயிலும் குஞ்சோடு நிற்கும் விராலைத் தொடாமல் விடுவதே அடுத்த ஆண்டுக்கான சேமிப்பு. அங்கு மீன்பாசிக் குத்தகை யாரிடம் உள்ளதோ அவர் அனுமதியில்லாமல் தூண்டில் போடுவதும் கூடாது.

குட்டையில் நீர் நுழையும் மடையில் நெருக்கமான கண்ணுள்ள வலை கட்டுவதும், நன்றாக வளர்ந்த குஞ்சாகப் பார்த்து விடுவதும் முதல் காப்பு. அதையும் மீறி வந்த விராலுக்குத்தான் தூண்டில். இரண்டு ரப்பர் தவளை, தரமான நூல், கண்ணாடி இழைக் கோல், நடுத்தர ரீல் என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் செலவு கைக்கு மீறாது. கையில் பணம் குறைவானால் கோலில் குறைக்கலாம். நூலிலும் முள்ளிலும் குறைக்கக் கூடாது. மீனைத் தாங்குவது அவை இரண்டும்தான்.