யானைமேல் துஞ்சிய இளவரசன்

சென்னைத் துறைமுகத்தினின்று எண்ணூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆலைகளும் பண்டகசாலைகளும் சூழ்ந்த பகுதியின் நடுவே, திருவொற்றியூர் என்னும் பழம்பதி உள்ளது. தேவார மூவராலும் பாடப்பெற்ற அவ்வூர்க் கோயிலிலுள்ள கல்வெட்டுகளுள் ஒன்று, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ப் போர்க்களத்தில் வீழ்ந்த இளவரசன் ஒருவனின் நினைவைத் தாங்கி நிற்கின்றது. அவன் பெயர் இராசாதித்தன்.

சங்ககாலந்தொட்டே புகழ்பெற்ற சோழர் குலத்தில், முதற் பராந்தகனின் மூத்த மகனாகப் பிறந்தவன் இவன். வடக்கே இராட்டிரகூடரின் பகை வளர்ந்து வந்தமையால், திருமுனைப்பாடி நாட்டில் பெரும்படையுடன் தங்கி எல்லையைக் காத்தான். அந்நாட்டுத் திருநாவலூரில் உள்ள சிவன் கோயில் இவனால் கற்றளியாக எடுக்கப்பட்டது.

949-ஆம் ஆண்டில், இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்த தக்கோலத்தில் பெரும்போர் மூண்டது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனும், அவனுக்குத் துணையாக வந்த கங்க மன்னன் பூதுகனும் சோழர் படையை எதிர்த்தனர். யானைமீதிருந்து கடும்போர் புரிந்த இராசாதித்தன், அவ்யானையின்மீதே உயிர் துறந்தான். தலைவனை இழந்த படை சிதறியது. தொண்டை மண்டலம் பகைவர் வசமாயிற்று.

தந்தைக்குப்பின் அரியணை ஏறும் பேறு இவனுக்கு வாய்க்கவில்லை. இறுதிப் போரிலும் வெற்றி கிட்டவில்லை. அங்ஙனமாயின் இவன் புகழ் எவ்வாறு நிலைத்தது?

பகைவர் இவனை மறந்தாரல்லர். கன்னட நாட்டு ஆதகூர்க் கல்வெட்டு, இராசாதித்தனை வீழ்த்தியதையே பூதுகனின் பெருஞ்செயலாகக் கூறுகின்றது. குலத்தாரும் மறந்தாரல்லர். முதல் இராசராசனின் கொடையைக் கூறும் ஆனைமங்கலச் செப்பேடு இவனது வீரமரணத்தைப் போற்றுகின்றது. 'ஆனைமேல் துஞ்சினார்' என்னும் சிறப்புப் பெயரும் இவனுக்கு வழங்கலாயிற்று.

இவ்விரண்டினும் நெஞ்சை உருக்குவது திருவொற்றியூர்ச் சான்றேயாகும். கேரள நாட்டில் பிறந்து கலைகள் பயின்ற வல்லபன் என்பான், சோழநாடு புகுந்து இராசாதித்தனின் உற்ற தோழனானான். தக்கோலக் களத்தில் தலைவனுடன் தானும் மடியக் கூடாமற் போனதை எண்ணி எண்ணி வருந்தினான். உலக வாழ்வை வெறுத்தான். கங்கையில் நீராடித் துறவு பூண்டான். பின்னர்த் திருவொற்றியூரை அடைந்து, நிரஞ்சன குருவின் மடத்திற்குத் தலைவனாகிச் சதுரானன பண்டிதர் எனப் பெயர் பெற்றான். இறைவன் வழிபாட்டிற்கென அவர் 100 நிஷ்கம் பொன் அளித்ததைக் கூறும் வடமொழிக் கல்வெட்டே இவ்வரலாற்றை நமக்கு அறிவிக்கின்றது.

அக்கல்வெட்டில் வியக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அது பொறிக்கப்பெற்றது ஏறத்தாழ 959-இல். அஃதாவது, மூன்றாம் கிருட்டிணனின் இருபதாம் ஆட்சியாண்டில். அப்பொழுது திருவொற்றியூர் அவன் ஆட்சியின்கீழ் இருந்தது. வென்ற மன்னனின் ஆண்டுக் கணக்கைத் தாங்கிய கல்லிலேயே, தோற்ற இளவரசன்பால் தோழன் கொண்ட அன்பும் இடம்பெற்றுவிட்டது. வாளால் வென்ற இராட்டிரகூடப் பேரரசோ 973-இல் வீழ்ந்துபட்டது. அன்பால் எழுதிய எழுத்து இன்றும் அழியவில்லை.

நாடு காக்கும் கடமையில் உயிரை ஈந்தவன் இராசாதித்தன்; அவனை வாழ்நாள் முழுதும் நினைந்தவன் அவன் தோழன். ஒருவன் புகழுக்கு அவன் செயல் வித்தாகும். அதனை மறவாதார் நெஞ்சமே விளைநிலமாகும்.