கார் தகட்டைப் பற்றவைக்க எந்த எந்திரம், எந்த கியாஸ்?

மும்பையில் 4 மாத மழை ஓய்ந்ததும் கார் பட்டறைகளில் கூட்டம் சேரும். மழைத் தண்ணீரும் கடலின் உப்புக் காற்றும் சேர்ந்து காரின் அடித்தகட்டை அரித்து விடுகின்றன. கால் வைக்கும் இடத்தில் விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், கீழே தெருவே தெரியும்!

நம் ஊரில் "டிங்கரிங்" என்று சொல்லும் வேலைக்கு இங்கே "டென்டிங்" என்று பெயர். பல வருடம் பிறர் பட்டறையில் கூலிக்குச் சுத்தியல் பிடித்தவர், வீட்டை ஒட்டிய இடத்திலோ, ஒரு சின்னக் "காலா"விலோ சொந்தமாகத் தொழில் தொடங்க நினைக்கிறார். மனைவியின் வளையலை அடகு வைத்து எந்திரம் வாங்குகிறார்.

அது வேலைக்கு ஆகாத எந்திரமாக இருந்துவிட்டால்? வட்டிதான் மிச்சம். ஆகவே பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்து கொள்வது நல்லது.

"சி.ஓ.டூ." வெல்டிங்

கார் தகட்டின் கனம் பெரும்பாலும் 0.7 முதல் 1 மில்லி மீட்டர்தான். கார்பைடு கியாஸ் வெல்டிங் செய்தால் சூடு பரவி, தகடு அப்பளம் போல நெளிந்து விடும். குச்சி வெல்டிங் செய்தால் தகடு ஓட்டையாகி விடும்.

"மிக்" என்ற முறையில், சுருளில் இருந்து மெல்லிய கம்பி தானாக வந்து உருகுகிறது. அதைச் சுற்றி ஒரு வாயு பாய்ந்து, காற்று படாமல் காக்கிறது. இந்த முறை 1948-ல் அமெரிக்காவில் உருவானது. அப்போது விலை கூடிய வாயுக்களைக் கொண்டு அலுமினியத்தைப் பற்றவைத்தார்கள். 1953-ல் கரியமில வாயுவைப் பயன்படுத்தும் வழி பிறந்த பிறகுதான் இரும்பு வேலைக்கு மலிவாக வந்தது. பட்டறைக்காரர்கள் இன்றும் இதை "சி.ஓ.டூ. வெல்டிங்" என்றே சொல்கிறார்கள்.

எத்தனை ஆம்பியர்?

"இது 200 ஆம்பியர், அது 250 ஆம்பியர்" என்று கடைக்காரர் அடுக்குவார். அதில் மயங்கக் கூடாது. 0.8 மில்லி மீட்டர் தகட்டுக்கு 30 முதல் 60 ஆம்பியர் போதும். "எவ்வளவு ஏறும்?" என்பதை விட, "எவ்வளவு குறையும்?" என்று கேட்பதே முக்கியம். 30 ஆம்பியரிலும் விட்டு விட்டு எரியாமல், சீராக எரியும் எந்திரமே கார் வேலைக்கு ஏற்றது.

வீட்டு மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். 50 ஆம்பியரில் பற்றவைக்கும்போது எந்திரம் ஏறக்குறைய 1 கிலோவாட் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் அதைத் தாங்கும். அதே எந்திரத்தை 200 ஆம்பியருக்கு ஏற்றினால் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். பிளக் கருகி விடும். எர்த் கம்பி சரியாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவை இல்லை.

எந்திரத்தின் தகட்டில் "20 சதவீதம், 150 ஆம்பியர்" என்று எழுதி இருக்கும். 150 ஆம்பியரில் 10 நிமிடத்துக்கு 2 நிமிடம் வேலை, 8 நிமிடம் ஓய்வு என்பது அதன் பொருள். குறைந்த ஆம்பியரில் கூடுதல் நேரம் ஓடும்.

கம்பி 0.6 மில்லி மீட்டர் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் 0.8 போதும். அதற்கு மேல் வேண்டாம்.

கியாஸ் இல்லாமல் முடியாதா?

முடியும். உள்ளே மருந்து அடைத்த கம்பி விற்கிறது. அதற்கு சிலிண்டர் தேவை இல்லை. காற்றடிக்கும் திறந்த வெளியில் அது கைகொடுக்கும். ஆனால் சூடும் பொறியும் அதிகம். மெல்லிய தகட்டில் எளிதாக ஓட்டை விழும். அந்தக் கம்பிக்கு டார்ச்சை எதிர்முனையில் இணைக்க வேண்டும். கியாஸ் கம்பிக்கு நேர்முனை. முனை மாற்ற வசதி உண்டா என்று பார்த்து வாங்க வேண்டும்.

எந்த கியாஸ்?

கரியமில வாயு மலிவு. நன்றாக ஊன்றிப் பிடிக்கும். ஆனால் பொறி தெறிக்கும், தகடும் சீக்கிரம் உருகி விடும். கை பழகியவர்கள் இதிலேயே அழகாக வேலை செய்கிறார்கள்.

ஆர்கான் 75 அல்லது 80 பங்கு, மீதி கரியமில வாயு என்ற கலவை, கார் தகட்டுக்கு மிகவும் ஏற்றது. பொறி குறைவு. ஓட்டை விழுவதும் குறைவு. தேய்த்துச் சரி செய்யும் வேலையும் மிச்சம். விலைதான் கூடுதல்.

தனி ஆர்கான் அலுமினியத்துக்குத்தான். இரும்புத் தகட்டில் அது சரியாகப் பிடிக்காது.

கரியமில வாயு சிலிண்டருக்குள் திரவமாக இருப்பதால் எடைக்கு விற்கிறார்கள். மீட்டர் முள்ளைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் விட்டால், 1 கிலோ வாயு 50 நிமிடத்துக்குச் சற்று மேலாக வரும்.

தீயணைக்கும் சிலிண்டரை மாட்டக் கூடாது. பலவற்றில் உள்ளே குழாய் இருப்பதால், வாயுவுக்குப் பதில் திரவமே வெளியே வரும்.

உயிர் முக்கியம்

பெயிண்டையும் துருவையும் சுரண்டி, பளபளப்பான இரும்பு தெரிந்த பிறகே தொடங்க வேண்டும். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளியாக வைத்து, ஆறவிட்டு நிரப்ப வேண்டும். ஒரே மூச்சில் இழுத்தால் தகடு நெளியும். துத்தநாகம் பூசிய தகட்டின் புகையைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சல் வரும்.

பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். சீட்டையும் விரிப்பையும் வெளியே எடுக்க வேண்டும். பெட்ரோல் டேங்க் பக்கம் பொறி போகக் கூடாது. கையருகே தீயணைப்பான் வேண்டும்.

ஷட்டரை மூடிக்கொண்டு வேலை செய்வது ஆபத்து. இந்த வாயுக்கள் காற்றை விடக் கனமானவை. தரையில் தேங்கி, மூச்சுத் திணற வைக்கும். மின்விசிறி நேராக அடித்தாலும் வாயு கலைந்து, பற்றில் துளைகள் விழும். ஆகவே காற்றோட்டம் வேண்டும், ஆனால் டார்ச்சில் காற்று அடிக்கக் கூடாது.

சாலில் குழந்தைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள். அந்த ஒளியைப் பார்த்தால், இரவில் கண்ணில் மணலைக் கொட்டியது போல எரியும். மறைப்பு கட்டாமல் டார்ச்சைத் தொடக் கூடாது.

இன்னொன்று. புதிய கார்களில் கதவுக்கு நடுவே உள்ள தூண் போன்ற இடங்களில் மிக உறுதியான எஃகு இருக்கிறது. சூடு பட்டால் அதன் பலம் போய்விடும். கம்பெனி சொன்ன முறை தெரியாமல் அங்கே கை வைக்கக் கூடாது. விபத்தில் உள்ளே இருப்பவரைக் காப்பது அந்தத் தூண்தான்.

கடைசியாக ஒரு யோசனை. எந்திரம் வாங்கப் போகும்போது, பழைய மட்கார்டில் வெட்டிய 2 துண்டுகளைக் கையோடு கொண்டு போகலாம். கடையிலேயே அவற்றை ஒட்டிக் காட்டச் சொல்லி, பிறகு வளைத்துப் பார்க்க வேண்டும். பற்று விடாமல், ஓட்டையும் விழாமல் இருந்தால் பணம் கொடுக்கலாம். இல்லாவிட்டால் அடுத்த கடைக்கு நடக்கலாம்!