கரிசலின் கருங்கண்ணி

திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி அடைமழையில் அதே மண் தண்ணீரைக் குடித்து மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளும். மழை ஓய்ந்து ஈரம் கீழே இறங்க இறங்க, ஆணிவேரை விட்டு அதைத் தேடிப்போகும் செடிதான் கருங்கண்ணிப் பருத்தி. மஞ்சள் பூவின் அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு, சின்னக் காய். பாசனம் கேட்காத பயிர்.

ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரியில் காட்டை அழித்துத் தேயிலைத் தோட்டம் போட்டார்கள். இங்கே தோட்டமும் இல்லை, துரையும் இல்லை. சம்சாரியின் சொந்தப் புஞ்சையே இங்கிலாந்தின் லிவர்பூல் சந்தைக்காக விளைந்தது. 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு அங்கிருந்து பஞ்சு வருவது நின்றதும், தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் போன நெல்லைப் பஞ்சுக்கு விலை எகிறியது. 1865-இல் போர் முடிந்தது, விலை இறங்கியது. எங்கோ நடந்த சண்டை கரிசல்காட்டு வீட்டு அடுப்பைத் தொட்டது.

இங்கிலாந்து ஆலைகளுக்கு நீள இழைதான் தேவைப்பட்டது. கருங்கண்ணியின் இழையோ குட்டை. அந்தப் போருக்கு முன்பே, 1840-களில், தாவரவியலாளர் ராபர்ட் வைட் கோயம்புத்தூரில் அமெரிக்க விதையைப் போட்டுப் பார்த்தார். மானாவாரி நிலத்தில் அது எடுபடவில்லை.

பருத்தி எடுப்பு விடியற்காலையில் நடக்கும். பனி ஈரத்தில் சருகு நொறுங்காது, சுளையில் ஒட்டாது. வெயில் ஏறினால் தூசும் சருகும் சேர்ந்து பஞ்சின் தரம் கெடும். மடியில் சேர்த்த பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்க, எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகள் போதும். இழை இடுக்கில் நுழைந்து அந்தப் பக்கம் போகும். கொட்டை நுழைய முடியாமல் இந்தப் பக்கமே உதிரும். எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு. மீதிக் கொட்டை மாட்டுக்கும் பருத்திப்பாலுக்கும் போனது, காய்ந்த தண்டான பருத்திமார் அடுப்புக்குப் போனது. எதுவும் வீணாகாத செடி இது.

1880-களில் பாபநாசத்தில் தாமிரபரணி அருவி நீரின் விசையில் ஹார்வி நூற்பாலை சுழலத் தொடங்கியது. 1901-இல் கோவில்பட்டியில் ஆராய்ச்சி நிலையம் வந்தது. கருங்கண்ணியைத் தேர்ந்து தேர்ந்து மேம்படுத்திய கே ரகங்கள் அங்கிருந்து புறப்பட்டவை.

இன்று மக்காச்சோளமும் வீரிய ரகப் பருத்தியும் அந்தப் புஞ்சைகளைப் பிடித்துவிட்டன. மழை பொய்க்கும் ஆண்டில் கடனில் தள்ளாத செடி நம் கையைவிட்டுப் போகிறது. மானாவாரி வைத்திருக்கும் சம்சாரிகளே, ஒரு குறுக்கமாவது கருங்கண்ணிக்கு விடுங்கள்.